கூடி எழுதும் கலைக்களஞ்சியம்



எங்கள் வகுப்பறையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியோடு இன்றைய பேச்சைத் தொடங்குகிறோம். ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் பால்மரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும்படி சொல்லியிருந்தோம். கெடா மாநிலத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு இதைவிட எளிய தலைப்பு வேறென்ன இருக்க முடியும் என்பது எங்கள் எண்ணம். ஆனால் வகுப்பில் பாதிப் பேர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்கள். காரணம் பிறகுதான் விளங்கியது. அவர்கள் பிறந்ததும் வளர்ந்ததும் செம்பனைக்கு நடுவில். பால்மரத்தைச் சாலையோரத்தில் பார்த்திருக்கிறார்களே தவிர, மங்கு என்றால் என்ன, ஒட்டுப்பால் என்றால் என்ன என்பது அவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் ஒரு மாணவி தன் பாட்டியிடம் கேட்டு எழுதி வந்தாள். விடியுமுன்னே ஏன் பால் வெட்டப் போக வேண்டும், வெயில் ஏறினால் பால் ஏன் குறைகிறது, உளி ஆழமாகப் பாய்ந்தால் மரத்திற்கு என்ன கேடு, மழை பெய்த நாளில் ஏன் வேலை இல்லை, காண்டா சுமந்த தோள் எப்படிக் காய்த்துப்போகும் என்றெல்லாம் அதில் இருந்தது. இன்னொரு மாணவன் தன் தந்தையின் கைத்தொலைபேசியில் தேடி எழுதி வந்தான். பால்மரத்தின் தாயகம் பிரேசில் நாட்டு அமேசான் காடு என்பதும், 1876 ஆம் ஆண்டு அதன் விதைகள் அங்கிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன என்பதும், மறு ஆண்டே கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன என்பதும் அதில் இருந்தன.

பாட்டியின் கட்டுரையில் பிரேசில் இல்லை. பையனின் கட்டுரையில் மங்கு இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் பால்மரம் முழுமையாகத் தெரிந்தது.

இப்படி ஒருவர் அறிந்ததை இன்னொருவர் அறிந்ததோடு சேர்த்து வைக்கும் முயற்சி உலக அளவில், முந்நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் நடைபெற்று வருகிறது. அந்த மாணவன் பார்த்ததும் அதைத்தான். விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியம் அது. அதில் நம் தாய்மொழிக்கு ஓர் இடம் உண்டு. அதை எழுதுகிறவர்கள் யார்? வேறு வேறு நாட்டில், வேறு வேறு பழக்கத்தில் வளர்ந்தவர்கள் எப்படிச் சேர்ந்து எழுதுகிறார்கள்? தோட்டப்புறத்தில் வாழும் நமக்கு அதில் என்ன வேலை? இவற்றை இன்று காண்போம்.

கலைக்களஞ்சியம் என்பது தமிழுக்குப் புதிதன்று. 1902 ஆம் ஆண்டிலேயே யாழ்ப்பாணத்தில் முத்துத்தம்பிப் பிள்ளை ‘அபிதான கோசம்’ என்னும் நூலை வெளியிட்டார். 1910 ஆம் ஆண்டு சென்னையில் சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ வெளிவந்தது. சிங்காரவேலு முதலியார் ஒரு பள்ளித் தமிழாசிரியர். பல ஆண்டுகள் ஏடுகளையும் நூல்களையும் தேடித் தனியொருவராக அதைத் தொகுத்தார் என்றால் நமக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. அதன் பிறகு, அவினாசிலிங்கம் அவர்கள் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் ஒரு பெரிய பணியில் இறங்கியது. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து, அறிஞர்கள் பலரின் துணையோடு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளைக் கொண்டுவந்தார்.

இவை யாவும் போற்றத்தக்க பணிகள். ஆனால் இவற்றிற்குப் பொதுவான ஒரு குறை உண்டு. அச்சேறிய நாளிலேயே அறிவு நின்றுவிடுகிறது. ஒரு நாட்டின் பெயர் மாறலாம், புதிய மருந்து வரலாம், பழைய கருத்துத் தவறென்று தெரியலாம். அவற்றையெல்லாம் சேர்க்க அடுத்த பதிப்பு வர வேண்டும். அதற்குப் பணமும் ஆளும் வேண்டும். மேலும் பத்துத் தொகுதிகளையும் வாங்கி வைக்கக்கூடிய தோட்டப் பள்ளிகள் எத்தனை இருந்திருக்கும்?

2001 ஆம் ஆண்டு சனவரி 15 ஆம் நாள் அமெரிக்காவில் ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்ற இருவர் வேறொரு வழியைத் தொடங்கினார்கள். அறிஞர் குழுவொன்று எழுதி முடித்து மக்களிடம் கொடுப்பதற்குப் பதிலாக, மக்களே எழுதட்டும், மக்களே திருத்தட்டும் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். ‘விக்கி’ என்ற சொல் ஹவாய்த் தீவு மக்களின் மொழியில் ‘விரைவு’ என்று பொருள்படும். விரைவாக எழுதலாம், விரைவாகத் திருத்தலாம் என்பது கருத்து. இதில் எழுதுவோர் பெரும்பாலும் சம்பளம் இல்லாத தொண்டர்கள். படிப்பவர் காசு கொடுக்க வேண்டியதில்லை. விளம்பரமும் கிடையாது. மக்கள் தரும் நன்கொடையைக் கொண்டு ஓர் அறநிறுவனம் இதை நடத்துகிறது.

தமிழில் இப்பணி 2003 ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் தொடங்கியது. தொடக்கத்தில் அது வெறும் மேடையாகத்தான் இருந்தது. அவ்வாண்டு நவம்பரில் மயூரநாதன் என்பவர் அதில் எழுதத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞரான அவர், அப்போது வளைகுடா நாட்டில் பணிபுரிந்து வந்தார். பகலில் வேலை, ஓய்வு நேரத்தில் தமிழில் கட்டுரை என்று ஆண்டுக்கணக்கில் எழுதி, நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தொடங்கி வைத்தார். கனடாவில் இயங்கும் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015 ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கிச் சிறப்பித்தது. அவரைப் பின்பற்றித் தமிழகத்திலிருந்தும், இலங்கையிலிருந்தும், கனடாவிலிருந்தும், ஆஸ்திரேலியாவிலிருந்தும், நம் மலேசியாவிலிருந்தும் பலர் வந்து சேர்ந்தார்கள். பொறியாளர், பேராசிரியர், பள்ளி ஆசிரியர், மாணவர் எனப் பல தொழிலினர். 2017 ஆம் ஆண்டு மே திங்களில் தமிழ்க் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தை எட்டியது. பின்னர் ஒன்றரை லட்சத்தையும் கடந்தது.

இங்கே ஒரு கேள்வி எழலாம். கணினியில் தமிழ் எழுத்தே இல்லாதிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? நடந்திருக்காது. அந்த எழுத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் நம் நாட்டவர் என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். சிலாங்கூர் மாநிலத்துக் கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன்தான் அவர். தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மகன். 1980 களில் அவர் தொடங்கிய ‘முரசு’ மென்பொருளைக் கொண்டு உலகெங்கும் தமிழர்கள் கணினியில் எழுதினார்கள். 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்திலிருந்து கலியாணசுந்தரம் என்னும் அறிவியலாளர் ‘மதுரைத் திட்டம்’ என்ற பெயரில், பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் இலவசமாகத் தரும் பணியைத் தொடங்கியபோது, பல நாட்டுத் தொண்டர்கள் அதில் கைகோத்தார்கள். எல்லை கடந்து கூடி உழைக்கும் பழக்கம் விக்கிப்பீடியாவிற்கு முன்பே தமிழர்களிடம் வேர்விட்டிருந்தது என்பதற்கு இது சான்று.

சரி, எல்லாரும் தமிழர்கள்தாமே, சேர்ந்து எழுதுவதில் என்ன சிக்கல் என்று நீங்கள் நினைக்கலாம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மொழி ஒன்றுதான், ஆனால் புழங்கும் சொற்கள் ஒன்றல்ல. நாம் ‘காற்பந்து’ என்கிறோம். தமிழகத்தார் ‘கால்பந்து’ என்கிறார்கள். இலங்கையில் அது ‘உதைபந்தாட்டம்’. நாம் ‘கைத்தொலைபேசி’ என்பதை, தமிழகத்தார் ‘அலைபேசி’ என்றும் ‘செல்பேசி’ என்றும், இலங்கையில் ‘கையடக்கத் தொலைபேசி’ என்றும் சொல்கிறார்கள். நம் வாழ்வோடு பின்னிக் கிடக்கும் செம்பனையையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழகத்தில் அதற்கு ‘எண்ணெய்ப் பனை’ என்று பெயர். இலங்கைத் தோட்டங்களிலோ ‘முள்ளுத்தேங்காய்’! பால்மரம், கித்தா மரம் என்று நாம் சொல்வதைத் தமிழகத்தில் ‘ரப்பர் மரம்’ என்றும், இலங்கையில் ‘இறப்பர்’ என்று றகரம் போட்டும் எழுதுகிறார்கள்.

எழுத்திலும் இப்படித்தான். ஜ, ஷ, ஸ, ஹ முதலிய எழுத்துகளைச் சேர்த்துக்கொள்வதா, தவிர்ப்பதா என்பது தமிழ் விக்கிப்பீடியாவில் நெடுநாள் நடந்த வாதம். ‘ஜெர்மனி’ என்று எழுதுவார் ஒருவர். ‘செருமனி’ என்று எழுதுவார் இன்னொருவர். இருவருமே தமிழ்ப்பற்று உடையவர்கள்தாம். எவரை வெளியே போகச் சொல்வது?

இதற்கு அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று நாம் கற்றுக்கொள்ளத்தக்கது. அதன் பெயர் ‘வழிமாற்று’. கட்டுரைக்குத் தலைப்பு ஒன்றுதான் இருக்க முடியும். ஆனால் அதே பொருளைக் குறிக்கும் மற்றப் பெயர்களையும் பதிந்து வைத்தால், எந்தப் பெயரைத் தேடினாலும் ஒரே பக்கத்திற்கு வந்து சேரலாம். ஒரு வீட்டிற்கு முன்வாசலும் உண்டு, பின்வாசலும் உண்டு, பக்கத்து வீட்டார் வந்து போகும் திட்டிவாசலும் உண்டு அல்லவா? அதைப்போல. தலைப்பு எதுவாக இருந்தாலும், கட்டுரையின் முதல் வரியிலேயே மற்ற நாட்டு வழக்குகளையும் குறிப்பிடலாம். இதனால் ஒரு சொல்லை ஏற்பதற்காக இன்னொரு சொல்லை அழிக்க வேண்டிய தேவை இல்லாமல் போகிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பின்வாசலை யாராவது கட்டினால்தான் அது இருக்கும். ‘பால்மரம்’ என்ற சொல்லை அறிந்தவர் போய்ப் பதிந்தால்தான் அந்தச் சொல்லுக்கு அங்கே இடம் உண்டு. சென்னையில் இருப்பவருக்கோ, கொழும்பில் இருப்பவருக்கோ அது தோன்றாததில் குற்றம் இல்லை. அது நம் சொல். நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

அடுத்து, கருத்து வேறுபாடு வந்தால் எங்கே பேசித் தீர்ப்பது? ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஓர் உரையாடல் பக்கம் இருக்கிறது. ஏன் மாற்றினாய், எதைக்கொண்டு சொல்கிறாய் என்று அங்கே கேட்கலாம். யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார் என்பதும் ஒன்றுவிடாமல் பதிவாகியிருக்கும். பிழையாக மாற்றிவிட்டால் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். இவை தவிர, எல்லாருக்கும் பொதுவான பேச்சிடம் ஒன்றும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் அதற்கு வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? ‘ஆலமரத்தடி’!

இந்தப் பேச்சிடத்திற்கு ஒவ்வொரு மொழியாரும் தத்தம் ஊர் வழக்கப்படி பெயர் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் அது ஊர்த் தண்ணீர்க் குழாயடி. பிரெஞ்சுக்காரர்களுக்குச் சிற்றுணவுக் கடை. மலையாளத்தில் பஞ்சாயத்து. தெலுங்கில் ஊர்ப் பெரியோர் கூடும் திண்ணையான ‘ரச்சபண்ட’. மலாய் மொழியில் ‘கெடாய் கோப்பி’, அதாவது காப்பிக்கடை. குழாயடியிலும், காப்பிக்கடையிலும், ஆலமரத்தடியிலும் மனிதர்கள் கூடிப் பேசித்தான் ஊர்க் காரியம் நடந்திருக்கிறது. தோட்டத்தில் வாழ்ந்த நமக்கு இது விளக்கிச் சொல்ல வேண்டிய செய்தி அன்று. கோயில் திருவிழாவுக்கு வரி எவ்வளவு, பந்தல் எங்கே போடுவது என்பதை நாம் எங்கே பேசித் தீர்த்தோம்? அதே முறைதான்.

அந்தப் பேச்சிற்கு மூன்று ஒழுங்குகள் உண்டு. முதலாவது, சான்று. எழுதும் செய்திக்கு நம்பத்தக்க நூலோ செய்தித்தாளோ ஆதாரமாக இருக்க வேண்டும். இரண்டாவது, நடுநிலை. நமக்குப் பிடித்ததை உயர்த்தியும் பிடிக்காததைத் தாழ்த்தியும் எழுதக் கூடாது. மூன்றாவது, பண்பு. கருத்தோடு மோதலாம், ஆளோடு மோதக் கூடாது.

இந்த ஒழுங்குகள் ஏன் வேண்டும் என்பதற்கு நம் கெடா மாநிலத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பூஜாங் பள்ளத்தாக்கைப் பலரும் அறிவீர்கள். மெர்போக்கில் உள்ள அருங்காட்சியகத்திற்குப் பள்ளிப் பயணமாக எத்தனையோ முறை பிள்ளைகளை அழைத்துச் சென்றிருக்கிறோம். அந்தப் பழைய கெடாவைத்தான் தமிழர்கள் ‘கடாரம்’ என்று அழைத்தார்கள். 1025 ஆம் ஆண்டளவில் இராசேந்திர சோழன் கடற்படையோடு வந்து கடாரத்தை வென்ற செய்தி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, கடாரத்து அரசன் ஒருவன் நாகப்பட்டினத்தில் புத்த விகாரம் எழுப்பிய செய்தியும், அதற்குச் சோழர் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகத் தந்த செய்தியும் செப்பேட்டில் இருக்கின்றன. அந்தச் செப்பேடு நெடுங்காலம் நெதர்லாந்தின் லைடன் நகரில் இருந்தது. ஆக, படையெடுப்பு மட்டும் அன்று, நட்பும் இருந்திருக்கிறது.

இவை தமிழில் கிடைக்கும் செய்திகள். ஏழாம் நூற்றாண்டில் இவ்வழியே இந்தியாவிற்குச் சென்ற யீசிங் என்னும் துறவியின் குறிப்பு சீன மொழியில் இருக்கிறது. கெடா அரச மரபின் கதையைச் சொல்லும் ‘ஹிக்காயத் மெரோங் மகாவங்சா’ மலாய் மொழியில் இருக்கிறது. 1930 களில் குவாரிட்ச் வேல்ஸ் என்பவர் இங்கே அகழ்ந்து கண்ட செய்திகள் ஆங்கிலத்தில் உள்ளன. சுங்கை பத்துவில் நம் நாட்டுப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அகழ்ந்து கண்ட இரும்பு உலைகளைப் பற்றிய எழுத்துகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன.

தமிழ் மட்டும் தெரிந்தவர் எழுதினால் கடாரம் என்பது சோழன் வென்ற ஊர் என்பதோடு நின்றுவிடும். மலாய் மட்டும் தெரிந்தவர் எழுதினால் கல்வெட்டும் செப்பேடும் விட்டுப்போகலாம். இரு பக்கத்தாரும் ஒருவர் சான்றை இன்னொருவர் எடுத்துப் பார்த்தால்தான் வரலாறு நேராகும். தமிழும் மலாயும் ஆங்கிலமும் படிக்கக்கூடிய நம் பிள்ளைகளுக்கு இந்த வேலையில் உள்ள வசதி, தமிழகத்துப் பிள்ளைகளுக்கும் இலங்கைப் பிள்ளைகளுக்கும் கிடையாது. மூன்று மொழி படிப்பதைப் பாரம் என்று சில பெற்றோர்கள் எங்களிடம் குறைப்பட்டுக்கொள்வதுண்டு. அந்தப் பாரம் இங்கே முதலாக மாறுகிறது.

படங்களின் நிலையும் இதுவே. விக்கிப்பீடியாவிற்குத் துணையாகப் பொதுப் படக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அலோர் ஸ்டாரில் உள்ள ஒரு மலாய் இளைஞர் ஜெராய் மலையைப் படம் எடுத்து அங்கே சேர்த்தால், அதே படத்தைத் தமிழ்க் கட்டுரையும் சீனக் கட்டுரையும் பயன்படுத்தலாம். கூலிமில் உள்ள ஒரு தமிழ்ப்பெண் எடுத்த படம் பிரெஞ்சுக் கட்டுரையில் வரலாம். கேட்டுப் பெற வேண்டியதில்லை. எடுத்தவர் பெயரை மதித்துக் குறிப்பிட்டால் போதும். 2013 ஆம் ஆண்டு சுங்கை பத்துவில் ஒரு பழங்காலச் சண்டி, நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்ட செய்தி நாட்டையே வருந்தச் செய்தது. இடித்த கல்லை மீண்டும் அடுக்கலாம். ஆனால் அது இருந்த கோலத்தைக் காட்டப் படமும் குறிப்பும்தான் துணை. ஆயிரம் ஆண்டுப் பழமைக்கே இந்தக் கதி என்றால், நூறாண்டுத் தோட்டக் கோயிலுக்கும் லயத்திற்கும் பெரட்டுக் களத்திற்கும் என்ன உறுதி இருக்கிறது?

பிற மொழியிலிருந்து அப்படியே மொழிபெயர்த்துவிட்டால் வேலை எளிதாக முடியுமே என்று சிலர் கேட்கக்கூடும். அதையும் செய்து பார்த்தார்கள். 2009 ஆம் ஆண்டையொட்டி, கூகுள் நிறுவனம் கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, தன் மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழிலும் பிற மொழிகளிலும் ஏற்றியது. கட்டுரைகள் நீளமாக இருந்தன. ஆனால் நடை தடுமாறியது. தமிழ் படிப்பவருக்கு எது தேவை என்று யாரும் கேட்கவில்லை. வங்காளத் தொண்டர்கள் அதை ஏற்க மறுத்தார்கள். தமிழ்த் தொண்டர்கள் குறைகளைத் தொகுத்து நிறுவனத்தாரோடு பேச்சு நடத்தினார்கள். 2010 ஆம் ஆண்டு போலந்து நாட்டில் நடந்த விக்கி மாநாட்டிலும் தங்கள் அனுபவத்தை எடுத்துரைத்தார்கள். இயந்திரம் துணைக்கு வரட்டும், ஆனால் படித்துப் பார்த்துப் பொறுப்பேற்க ஆள் வேண்டும் என்பதே அதில் பெற்ற பாடம். கேட்ட கேள்விக்கெல்லாம் இயந்திரம் கட்டுரை எழுதித் தரும் இந்நாளில் அந்தப் பாடம் மேலும் தேவைப்படுகிறது.

இனி, நமக்குள்ள பெரிய தடையைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஒரு பேச்சுக்கு, நம் தோட்டத்துப் பாட்டி ஒருவர் சொன்னதையெல்லாம் அப்படியே கட்டுரையாக எழுதிச் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். என்ன நேரும்? ‘சான்று எங்கே?’ என்று கேட்பார்கள். சான்று இல்லையென்றால் நீக்கிவிடுவார்கள். நாற்பது ஆண்டு பால் வெட்டியவர் சொல்லுக்கு மதிப்பில்லையா என்று நமக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. துரைமார் எழுதிய குறிப்பு அச்சில் இருக்கிறது, அரசாங்கக் கோப்பில் இருக்கிறது. கூலியாக வந்தவர்களின் கதையோ பெரும்பாலும் வாய்மொழியில் இருக்கிறது. அச்சில் உள்ளது மட்டுமே அறிவு என்றால், எழுதத் தெரியாதிருந்தவர்கள் இன்னொரு முறை விடுபட்டுப் போகிறார்கள்.

1947 ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டுத் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத் தோட்டங்களில், தொண்டர் படையினர் கள்ளுக்கடையை எதிர்த்துப் போராடினார்கள். காவல் துறையோடு மோதல் நேர்ந்தது. அதை ஆங்கில அதிகாரிகளின் கோப்புகள் கலவரம் என்ற கண்ணோடு பார்த்தன. நம் மூத்தவர்களோ தம் குடும்பங்களைக் குடியிலிருந்து மீட்கப் புறப்பட்ட கதையாக அதைச் சொல்வார்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் படிப்பவர் தாமே எடைபோட முடியும். ஒரு பக்கம் மட்டும் அச்சில் இருந்தால் தராசு எப்படி நிற்கும்?

இந்தக் குறையை உலகத்தில் மற்றவர்களும் உணர்ந்திருக்கிறார்கள். 2011 ஆம் ஆண்டு அச்சல் பிரபாலா என்பவரும் அவருடைய நண்பர்களும் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு முயற்சி செய்தார்கள். மலையாளம், இந்தி, செப்பேடி ஆகிய மூன்று மொழியாரிடையே, நூலில் இல்லாத விளையாட்டுகள், வழிபாடுகள் போன்றவற்றை அறிந்த மக்களிடம் பேசி, ஒலிப்பதிவு செய்து, அந்தப் பதிவையே சான்றாகக் காட்டிக் கட்டுரைகள் எழுதினார்கள். ஆனால் இது எங்கும் பொது விதியாக நிலைபெற்றுவிடவில்லை. சான்று வேண்டும் என்ற விதியையும் நாம் பழிக்க முடியாது. அது இல்லையென்றால் யாரும் எதையும் எழுதிவிட்டுப் போகலாம். ஆகவே, விதியோடு சண்டையிடுவதைவிட, நம் பேச்சை அச்சில் ஏற்றுவதே நாம் செய்யத்தக்கது.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. பள்ளி ஆண்டு மலர் வெளியிடும்போது வாழ்த்துரைகளைக் குறைத்துக்கொண்டு, தோட்டத்தின் வரலாற்றுக்கு நாலு பக்கம் ஒதுக்கலாம். கோயில் குடமுழுக்கு மலரில் கோயில் எப்போது, யார் உழைப்பில் எழுந்தது என்பதை நாள் தேதியோடு எழுதலாம். தோட்டம் கைமாறினாலும், பள்ளி பட்டணத்துக்கு இடம் மாறினாலும் அது செய்தித்தாளில் வரும்படி ஒரு கடிதம் எழுதலாம். அப்படி வந்த செய்தியை வெட்டி, நாளிதழின் பெயரையும் தேதியையும் ஓரத்தில் குறித்து வைக்க வேண்டும். 1924 இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 2019 இல் நின்றுபோனது நமக்குத் தெரியும். அதில் வந்த தோட்டச் செய்திகள் நம் பெட்டிகளில் எங்கேனும் இருந்தால், அவை பழைய காகிதம் அல்ல, சான்று. மலர்களில் ஒரு படியை ஊர்ப் பொது நூலகத்திற்கும் கொடுத்துவிட்டால், பிறர் எடுத்துப் பார்க்க வசதியாக இருக்கும்.

பெற்றோர்களே, வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. பாட்டி தாத்தாவிடம் பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரு மாலைப் பொழுதில் ஒரே ஒரு பொருளைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். மங்கு என்பது எதனால் ஆனது, ஒட்டுப்பாலை என்ன செய்தார்கள், ஒரு நிரையில் எத்தனை மரம் என்று கேட்கட்டும். கைத்தொலைபேசியில் அந்தப் பேச்சைப் பதிவு செய்யட்டும். சொன்னவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். படம் எடுப்பதானால் நாமே எடுத்த படமாக இருக்க வேண்டும். பிறர் படத்தை எடுத்துப் போடுவது திருட்டு. வீட்டு முகவரி, தொலைபேசி எண், பிள்ளைகளின் விவரம் முதலியவற்றை இணையத்தில் வெளியிடவே கூடாது.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். வீட்டுப்பாடத்திற்காக அந்தக் கலைக்களஞ்சியத்தைப் பார்க்கிறீர்கள். பாருங்கள். ஆனால் பார்த்து அப்படியே எழுதிவிட்டு மூடிவிடாதீர்கள். அதில் பிழையும் இருக்கலாம். அடியில் என்ன சான்று காட்டியிருக்கிறார்கள் என்று நோக்குங்கள். எழுத்துப் பிழை ஒன்று கண்ணில் பட்டால், ஆசிரியர் துணையோடு ‘தொகு’ என்ற இடத்தைத் தொட்டுத் திருத்துங்கள். புதிதாக எழுதிப் பழக ‘மணல்தொட்டி’ என்று ஓர் இடம் இருக்கிறது. சிறு பிள்ளைகள் மணலில் எழுதி அழிப்பதைப்போல அங்கே எழுதிப் பழகலாம். தமிழகத்தில் பள்ளி ஆசிரியர்கள் பலர் இப்படிப் பயிற்சி பெற்றுத்தான் எழுத வந்தார்கள். நாமும் பழகிக்கொள்ளலாம்.

நம் தோட்டங்களில் ‘கோத்தோங் ரோயோங்’ நடக்கும் நாளை நினைத்துப் பாருங்கள். ஒருவர் மண்வெட்டி கொண்டுவருவார், ஒருவர் கூடை கொண்டுவருவார், ஒருவர் தேநீர் கலக்கிக் கொண்டுவருவார். மலாய்க்கார அண்டை வீட்டாரும் சீனக் கடைக்காரரும் வந்து ஒரு கை கொடுப்பார்கள். இந்தக் களஞ்சியத்திலும் வளைகுடாவிலிருந்து ஒருவர் வந்தார், கனடாவிலிருந்து ஒருவர் வந்தார், சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். கெடாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோக நம்மிடம் மங்கு இருக்கிறது, காண்டா இருக்கிறது, பெரட்டுக் களத்து விடியற்காலை இருக்கிறது.

தொடக்கத்தில் சொன்ன அந்த இரண்டு கட்டுரைகளையும் எங்கள் வகுப்புச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்தோம். சில நாள் கழித்துப் பார்த்தபோது, பையன் தன் கட்டுரையின் ஓரத்தில் ‘மங்கு: பால் வந்து விழும் கிண்ணம்’ என்று பென்சிலால் எழுதியிருந்தான். அந்த மாணவியும் தன் பாட்டியின் கட்டுரையில் ‘பிரேசில்’ என்று சேர்த்திருந்தாள். நாங்கள் யாரும் சொல்லித்தரவில்லை.